கந்தளாய்க் குளத்துக்கு ஒரு சாமான் பை: தொண்டர்கள் எதை வாங்கலாம், எதை விடலாம்

குளத்து மீனைக் காக்கவென்று ஒரு தொண்டர் குழு சேர்ந்து, கையில் கொஞ்சம் காசும் திரண்டால் முதலில் வாங்கப்படுவது பெரிய ரோச் லைற், அடுத்தது ஒரே நிறத்தில் ரீசேட். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளக்கட்டிலும் மொறவெவ, பன்குளம் பக்கத்துச் சிறுகுளங்களிலும் உண்மையில் வேலை செய்கிற சாமான்கள் வேறு. எது தாங்கும், எது எந்த இடத்தில் பிழைக்கும், எதைக் கடையில் வாங்கலாம், எதைத் தச்சரிடம் சொல்லிச் செய்விக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

சாமானைத் தெரிவதற்கு முன் மீனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் குளங்களின் வலையில் அதிகம் விழுவது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. கரையோர ஆழமில்லாத சேற்றில் ஆண் மீன் குழி பறிக்கும், பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். ஆகவே நாம் குஞ்சு விடாவிட்டாலும் அது பெருகும். சிறு மீனை அள்ளாமல் விட்டால் போதும். ரோகு, கட்லா, மிரிகால் போன்ற கெண்டை இனங்கள் அப்படியல்ல. ஓடும் ஆற்றுநீரில் முட்டையிடும் மீன்கள் அவை. தேங்கிய குளத்தில் தாமாகப் பெருகும் என்று நம்பியிருக்க முடியாது. நன்னீர் இறாலின் குஞ்சுக்கோ உவர்நீர் வேண்டும். இவையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான உதவியை நிறுத்தி, 1994இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியிலும் குளத்து மீனவரின் அடுப்பு எரிந்ததற்குத் திலாப்பியாவே காரணம். இதிலிருந்து சாமானும் இரண்டு வகையாகிறது: திலாப்பியாவைக் காக்க அளவுகோல், கெண்டையைக் காக்கக் குஞ்சு கொண்டுவரும் பை. மற்றவை எல்லாம் இவ்விரண்டுக்கும் துணைதான்.

வலைக்கண் அளவுகோல்: கட்டாயம் வேண்டும்

உள்நாட்டு நீர்நிலைகளில் செவுள் வலையின் (மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை) கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இது இழுத்துப் பிடித்த கண்ணின் அளவு, அதாவது கண்ணை நெடுக இழுக்கும்போது ஒரு முடிச்சின் நடுவிலிருந்து எதிர் முடிச்சின் நடுவரை உள்ள நீளம். அந்தக் கண்ணில் மாட்டுவது ஏறத்தாழ ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த திலாப்பியா. அதற்குள் ஒரு முறையாவது குஞ்சு பொரித்திருக்கும் என்பதுதான் கணக்கு.

குளக்கரை வாக்குவாதம் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறது. அதற்குக் காரணம் கடை. திருகோணமலையில் வலைக் கடைகள் கடற்றொழிலை நம்பி நடப்பவை, வலை அங்குலக் கணக்கில் விற்கும். மூன்று அங்குலம் என்றால் 7.6 சென்ரிமீற்றர், விதிக்குக் கீழே. மூன்றேகால் அங்குலம் 8.25 சென்ரிமீற்றர், அதுவும் கீழே. மூன்றரை அங்குலம் 8.9, இதுதான் சரி. மூன்றேகாலை வாங்கியவர் கள்ளம் செய்ய நினைத்து வாங்கியிருக்கமாட்டார். “மூன்றுக்கு மேல் என்றால் சரிதானே” என்று யாரோ சொன்னதைக் கேட்டிருப்பார். ஆகவே வலை வாங்கப் போகும் மீனவரிடம் “மூன்றரைக்குக் குறைய வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்வதுதான் தொண்டர் செய்யக்கூடிய மிக மலிவான காவல். நீரில் இறங்கிய பிறகு ஒரு வலையை மாற்றச் சொல்வது ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் கைவைப்பது.

அளவுகோல் மூன்று விதம். முதலாவது ஆப்பு வடிவத் தகடு. கண்ணுக்குள் செருகி, நின்ற இடத்தில் எண்ணைப் படிப்பது. பார்க்க வேலைத்தனமாக இருக்கும். ஆனால் இரண்டு குறை உண்டு. தள்ளுகிற கையின் பலத்துக்கு ஏற்ப அளவு மாறும். இதைச் சமன் செய்யத்தான் கணக்கான பாரம் கட்டித் தொங்கவிடும் தகடுகள் வந்தன. இரண்டாவது குறை, தகடு காட்டுவது கண்ணின் உள்வாயை மட்டும், முடிச்சின் தடிப்பு அதில் சேராது. நடுவிலிருந்து நடு அளவு வேண்டுமானால் ஒரு முடிச்சின் தடிப்பைக் கூட்ட வேண்டும். 8.5ஐ ஒட்டிய வலையில் அந்த ஓரிரு மில்லிமீற்றரே வழக்காகிவிடும்.

இரண்டாவது சாதாரண அடிமட்டம். தனிக் கண்ணை அளந்தால் கை நடுங்கினாலே பிழைக்கும். பள்ளிக்கூட அடிமட்டங்கள் பலவற்றில் பூச்சியம் ஓரத்திலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளியிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

நாங்கள் சொல்வது மூன்றாவதை: 85 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு கம்பு, அவ்வளவுதான். வளையாத மரச் சட்டமோ சதுர அலுமினியக் குழாயோ போதும். ஒரு முனையில் சிறிய ஆணி, மறு முனையில் சிவப்புக் கோடு. ஈரமான வலையில் ஓரத்துத் தடித்த கண்களை விட்டு நடுப்பகுதிக்கு வந்து, பொத்திய கண் இல்லாத ஒரு வரிசையைத் தெரிய வேண்டும். முதல் முடிச்சை ஆணியில் கொளுவி, பத்துக் கண்களை எண்ணி, நெடுக்காக இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்தாவது கண்ணின் கடைசி முடிச்சு சிவப்புக் கோட்டைத் தொட்டால் அல்லது தாண்டினால் வலை சரி, இப்பால் நின்றால் சிறிது. பத்துக் கண்ணுக்கு அளப்பதால் ஒரு முடிச்சில் வரும் பிழை பத்தாகப் பிரிந்து போகும். வலையின் மூன்று இடங்களில் அளந்து மூன்றும் ஒத்தால்தான் வாயைத் திறக்க வேண்டும். வலையை அகலவாட்டில் இழுத்து அளப்பதும், முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு உள்ள பாதிக் கண்ணை முழுக் கண் என்று நினைப்பதும்தான் வழக்கமான தவறுகள்.

இந்தக் கம்பின் பெரிய நன்மை, எழுத்து வேண்டாம். கந்தளாயில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே நீரில் வலை போடுகிறார்கள். கோட்டைத் தொடுகிறதா இல்லையா என்பதை வலைக்காரரே தன் கையால் பார்த்துக்கொள்ளலாம். அளவை அவர் கையில் கொடுப்பதுதான் முறையும்கூட.

கம்பு பிடிக்காத குற்றங்களும் உண்டு. தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலோன் வலை, எந்தக் கண்ணளவில் இருந்தாலும் தடைதான். நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, அறுந்து கிடந்தாலும் வருடக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். மூன்று அடுக்கு வலையில் வெளிக்கண் பெரிதாக இருக்கும், நடு அடுக்கை அளந்தால்தான் உண்மை தெரியும். விதிக்கு உட்பட்ட கண்ணுள்ள வலையையே மேல் கயிற்றில் மிகவும் தொய்வாகக் கட்டினால், கண்ணில் மாட்டாத சிறு மீனும் சுற்றிச் சிக்கிச் சாகும்.

மீன் அளவுப் பலகையும் தராசும்

பிடிபட்ட மீனின் நீளத்தை மாதாமாதம் எழுதினால்தான் குளம் தேறுகிறதா தேய்கிறதா என்று தெரியும். பலகைக்கு ஒட்டுப்பலகை வேண்டாம், நீரில் ஊதிவிடும். தடித்த பிளாஸ்ரிக் வெட்டுப்பலகையை வாங்கி, ஒரு முனையில் நேர்குத்தாகச் சிறு தடுப்பு அடித்து, 50 சென்ரிமீற்றர் எவர்சில்வர் அடிமட்டத்தைத் திருகாணியால் பூட்டினால் போதும். அடிமட்டத்தின் பூச்சியம் தடுப்போடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய் மூடிய நிலையில் மூக்கைத் தடுப்பில் வைத்து, வால் நுனியைப் படித்து, முழுமையாக எட்டிய சென்ரிமீற்றரை எழுத வேண்டும். 19.8 என்றால் 19. ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் எழுதிய ஏட்டால் பயனில்லை.

தராசில் மின்னணுக் கொக்கித் தராசு மலிவு, எண்ணும் தெளிவு. ஆனால் துள்ளுகிற மீனில் அது இடையில் ஒரு எண்ணைப் பிடித்து நிறுத்திவிடும், அந்த எண் பிழை. கூடையில் போட்டு, மீன் அடங்கிய பிறகுதான் படிக்க வேண்டும். ஈரம் பட்டால் பற்றரி முனையில் பச்சைக் கறள் ஏறும், வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும். வில் தராசு நுணுக்கம் குறைவு, ஆயுள் கூட. எதை வாங்கினாலும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வெறுமையாகவும் நிரப்பியும் தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் ஒரு கிலோகிராம் வராவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குஞ்சு கொண்டுவரும் பை: இதில் காசைச் சுருக்க வேண்டாம்

நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையின் தம்புள்ளை நிலையத்திலிருந்தோ, தனியார் வளர்ப்பாளரிடமிருந்தோ கெண்டைக் குஞ்சு வாங்கினால் ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பையில்தான் வரும். பை நல்லதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டிய பையைத் தலைகீழாகப் பிடித்து அழுத்துங்கள். கழுத்தில் குமிழி வந்தால் கட்டு தளர்வு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டிருக்க வேண்டும். அடியின் இரண்டு மூலைகளும் இறப்பர் பட்டியால் கட்டி வட்டமாக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு மூலைக்குள் நெருங்கி அங்கேயே மூச்சடைத்துச் சாகும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு ஒட்சிசன் என்பது அளவு. நீர் கூடினால் குஞ்சுக்கு நல்லது என்று எண்ணுவது பிழை. கூடுகிற ஒவ்வொரு லீற்றரும் ஒட்சிசனின் இடத்தைத் தின்னும்.

பையைவிட முக்கியமானது ஏற்றுவதற்கு முந்தைய நாள். குஞ்சுகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் உணவு கொடுக்காமல் நிறுத்தியிருக்க வேண்டும். வயிற்றில் உணவோடு ஏற்றினால் கழிவு பையிலேயே விழும், அமோனியா ஏறும். வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எப்போது கடைசியாகத் தீன் போட்டீர்கள்?” என்பதே. பைக்குள் நீர் கலங்கி, அடியில் கழிவு நூலாகக் கிடந்தால் அந்தப் பையை ஏற்க வேண்டாம்.

ஏற்றுவது இரவில் அல்லது விடியுமுன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் பத்து மணிக்குப் பிறகு பையோடு வழியில் நிற்பது குஞ்சைச் சமைப்பது போலத்தான். ரெஜிபோம் பெட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஈரச் சாக்கு விரித்து, பைகளை அடுக்காமல் பக்கம் பக்கமாகக் கிடத்தி, மேலேயும் ஈரச் சாக்கால் மூட வேண்டும். வாகனத் தட்டின் சூடு அடியிலிருந்து ஏறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குளக்கரையில் பையைக் கட்டோடு நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட வேண்டும், உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை. நிழல் இல்லாத இடமானால் மேலே ஈரத்துணி போட வேண்டும், வெயிலில் மிதக்கும் பை குளத்தைவிடச் சூடாகிவிடும். கட்டை அவிழ்த்த பிறகு தாமதம் கூடாது. மூடிய பையில் குஞ்சுகள் விட்ட காபனீரொட்சைட்டால் நீர் புளித்திருக்கும், அந்தப் புளிப்பில் அமோனியா அவ்வளவு நஞ்சாகாது. திறந்ததும் அந்த வாயு வெளியேற, புளிப்பு இறங்க, அதே அமோனியா நஞ்சாக மாறும். ஆகவே அவிழ்த்தவுடன் குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஓரிரு நிமிடத்தில் பையின் வாயை நீருக்குள் சாய்த்து, குஞ்சு தானாக நீந்திப் போக விட வேண்டும். படம் எடுப்பதற்காகத் திறந்த பையோடு பிரமுகர் வரும்வரை காத்திருப்பது பல குளங்களில் குஞ்சைக் கொன்றிருக்கிறது.

விடும் இடம் துருசுக்கும் (நீர் திறந்துவிடும் மதகு) வானுக்கும் (மிகைநீர் வழியும் இடம்) தூரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு வாய்க்காலோடு தம்பலகாமத்து வயலுக்குப் போய்விடும். நீர்ச்செடி கொஞ்சம் உள்ள, ஆழமில்லாத ஒதுக்குப்புறம் நல்லது. நீர்க்காகம் கூட்டமாக மேயும் வெளியும், விரால் பதுங்கும் அடர்ந்த புல்லும் ஆகாது. மாலை மங்கும் நேரம் விட்டால் பறவைக்கு இரையாவது குறையும். பெரிய குளத்தில் மாரியின் வான் பாய்ச்சல் ஓய்ந்த பிறகு விடலாம். கோடையில் வற்றும் சிறுகுளத்தில் மார்கழி, தையில் நிரம்பியதும் விட்டு, ஆவணி, புரட்டாதிக்குள் பிடித்து முடிக்க வேண்டும். அங்கே ஒரு மாதப் பிந்தலும் எடையில் தெரியும்.

எண்ணிக்கையில் ஏமாறாதிருக்க ஒரு வழி: குருட்டாக்கில் மூன்று பைகளைத் தெரிந்து, அகன்ற பேசினில் ஊற்றி, கையளவு வலையால் எண்ணி, சராசரியைப் பைகளின் தொகையால் பெருக்க வேண்டும். இறந்து மிதக்கும் குஞ்சை விற்றவரின் ஆள் முன்னிலையிலேயே எண்ணிக் கழிக்க வேண்டும்.

வெள்ளை கறுப்புத் தட்டு

நீரின் தெளிவை அறியும் சாமான் இது. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தகட்டை நாலு பங்காக்கி, மாறி மாறி வெள்ளையும் கறுப்பும் பூசி, நடுவில் கயிறு கட்டி நீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதுவது. செலவு மிகக் குறைவு. நைலோன் கயிறு இழுபடும், அதனால் அளவு நாடாவையே கட்டுங்கள். நண்பகலை ஒட்டி, தோணியின் நிழல் பக்கத்தில், ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். நீர் பச்சையாகி ஆழம் வேகமாகக் குறைந்து வந்தால் அது எச்சரிக்கை. பாசி இரவு முழுதும் ஒட்சிசனைக் குடிக்கும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறக்கும்.

இந்த ஏடு இருந்தால் மீன் செத்து மிதக்கும் நாளில் ஊரில் வீண் பழி எழாது. ஒட்சிசன் குறைந்து செத்தால் அது விடியலை ஒட்டி நடக்கும், பெரிய மீன்தான் முதலில் போகும். நஞ்சானால் எந்த நேரத்திலும் நடக்கும், சிறிது பெரிது பாராமல் எல்லாம் மிதக்கும். வயலில் மருந்தடித்த பிறகு வடிந்த நீரையும் அப்போது யோசிக்க வேண்டும். சுத்தமான கண்ணாடிப் போத்தல் இரண்டும் ஐஸ் பெட்டியும் பையில் இருக்கட்டும். போத்தலைக் காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, நேரமும் இடமும் எழுதி ஒட்டி, ஐஸில் வைத்து அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். செத்த மீனை யாரும் சமைக்கக் கூடாது.

கைவிட்ட வலை இழுக்கும் கொக்கி

கம்பிக் கடையில் பத்து மில்லிமீற்றர் முறுக்குக் கம்பியை வளைத்து நாலு கால் கொக்கி ஒட்டுவிக்கலாம். கால்கள் மிகக் கூராக வேண்டாம், மழுங்கிய முனை வலையைப் பிடிக்கும், அடிமரக் குற்றியில் ஏறாது. அப்படியும் குற்றியில் மாட்டும். அப்போது தோணியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் இழுக்க வேண்டுமே தவிர, நின்ற இடத்திலிருந்தே பலம் கொடுத்தால் தோணி கவிழும். கைக்குத் தடித்த கையுறை, முனை மழுங்கிய கத்தி. ஆமை சிக்கியிருந்தால் வலையை அறுங்கள், ஆமையைத் திருகி எடுக்க வேண்டாம். எடுத்த வலையைக் குளக்கட்டில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் திரும்பக் குளத்துக்கே போகும்.

ரோச் லைற், மிதப்பு அங்கி, அறிவிப்புப் பலகை

ரோச் லைற்றுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. இரவில் தொண்டர் குளத்தில் இறங்கவே கூடாது. முதலை உள்ள நீர், யானை இறங்கும் கரை. தலையில் கட்டும் சிறு விளக்கு கட்டில் நடக்கப் போதும். மிதப்பு அங்கியில் மட்டும் மலிவைப் பார்க்க வேண்டாம். போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் காலைத் தூக்கிப் பாருங்கள். அங்கி முகத்தை மூடிக்கொண்டு மேலேறினால் அளவு பெரிது, அல்லது கவட்டுப் பட்டி இல்லை.

பலகை மும்மொழியிலும் இருக்கட்டும், நடுவில் 8.5 என்ற எண் பெரிதாக. அதை மீன் இறக்கும் துறையில் நாட்டுங்கள், குளக்கட்டில் குழி தோண்டி நாட்ட வேண்டாம். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டில் ஒரு கடப்பாரை இறக்குவதற்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும்.

ஏடு

தடித்த மட்டை போட்ட கொப்பியும் பென்சிலும். பேனா ஈரத்தில் ஊறிப் போகும். திகதி, இடம், எத்தனை தோணி, வலைக்கண் கம்பில் நின்ற இடம், மீன் இனம், நீளம், மொத்த எடை, தட்டு மறைந்த ஆழம். பெயர் எழுத வேண்டாம். ஏடு ஆளைப் பிடிக்க அல்ல, குளத்தைப் படிக்க. பெயர் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து மீனவர் அளக்க விடமாட்டார்.

தொண்டருக்கு வலையைப் பறிக்க அதிகாரம் இல்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளச் சட்டத்தின்படி சோதிக்கவும் கைப்பற்றவும் அதிகாரம் பெற்ற அலுவலருக்கும் பொலிசாருக்கும்தான் முடியும். வெடி, நஞ்சு கண்டால் நெருங்காமல் இடத்தையும் நேரத்தையும் குறித்து உடனே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இதற்காகவே ஏட்டின் பின் அட்டையில் கடற்றொழில் பரிசோதகர், நக்டா விரிவாக்க அலுவலர், பொலிஸ் நிலையம் ஆகிய மூன்றின் தொலைபேசி எண்களையும் எழுதி, மேலே ஒட்டுநாடா ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த மாதப் பக்கங்களின் பிரதி ஒன்று மீனவர் சங்கத்துக்கும் ஒன்று பரிசோதகருக்கும் போக வேண்டும்.